ஓட்டக் கட்சி, இரும்புக் கட்சி

தொண்ணூற்று நான்கு கிலோ என்று டாக்டர் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாள் முழுக்க டன் கணக்கில் தூக்கி இறக்குகிறவனிடம் வந்து கிலோ சொன்னால் வேறு என்ன வரும். அவர் சிரிக்கவில்லை. கையில் சுற்றிய பட்டையைக் கழற்றாமல் இன்னொரு முறை காற்றடித்து அழுத்தம் பார்த்தார். மூன்றாவது முறையும் பார்த்தார்.

"கிரேன் ஏணியில ஏறும்போது எத்தன தடவ நிக்கிறீங்க?"

"ரெண்டு தடவ சார்."

நான்கு தடவை. நான்காவது முறை நிற்கும்போது காதுக்குள் மோட்டார் ஓடும்.

"மேல உக்காந்திருக்கும்போது ஒரு நிமிஷம் கண்ண இருட்டிக்கிட்டு வந்தா, கொக்கியில தொங்குறது எங்க போய் விழும்?"

கொக்கியில் தொங்குவது இருபது டன் எஃகுச் சுருள். கீழே எப்போதும் ஆறேழு பேர் நிற்பார்கள். அவர்களுடைய தலைச்சுழி எல்லாம் எனக்கு மனப்பாடம். முகத்தை விடத் தலையைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

டாக்டர் எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் தரையில் வேலை. மூன்று மாதம் முடிந்து வரும்போது எண்பத்து நான்கு கிலோ இருக்க வேண்டும், அழுத்தம் இறங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் கிரேனை மறந்துவிட வேண்டும்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருந்தது. சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் ஒரு பெரிய யார்டில் பாலம் போல நிற்கும் கிரேனை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஐம்பது அடி உயரத்தில் என் கூண்டு. மூன்று பக்கம் கண்ணாடி, ஒரு இருக்கை, நான்கு நெம்பு பிடிகள், ஒரு மணி. அங்கிருந்து பார்த்தால் தகரக் கூரைகள் முடிகிற இடத்தில் கடல் தொடங்கும். துறைமுகத்துக்குள் இடம் கிடைக்காத கப்பல்கள் வரிசையில் நிற்கும், ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி, பொறுமையாக, கொஞ்சம் கோபமாக. வடக்கே எண்ணூர் புகைக்கூண்டுகள். மழை வந்தால் ஊருக்கு முன்னால் எனக்குத் தெரியும். கடல் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு திரை இறங்கி, நடந்து வந்து, மீனவர் குப்பத்தை நனைத்து, காலடிப்பேட்டையில் துணி எடுக்க ஓடும் பெண்களைத் தாண்டி, கடைசியில் என் கண்ணாடியைத் தட்டும். சுருள் ரசீதுகளின் பின்பக்கத்தில் அதையெல்லாம் கிறுக்கி வைப்பேன். அந்தக் கூண்டில்தான் எனக்கு வாக்கியம் வந்தது. தரையில் வந்ததில்லை.

மறுநாளிலிருந்து தரை. வேறொருவர் என் கூண்டில் உட்கார்ந்திருக்க, நான் கீழே நின்று சுருளுக்குச் சங்கிலி மாட்டினேன். அண்ணாந்து பார்த்தால் அவருடைய செருப்பின் அடிப்பாகம் தெரிந்தது.

முதல் ஆலோசனை என் மச்சானிடமிருந்து வந்தது. மனைவியின் தம்பி. வியாசர்பாடிக்காரன், ரயில்வேயில் தண்டவாள வேலை, மாலையில் குத்துச்சண்டை. ஒரு கிலோ எலும்பும் ஒரு கிலோ நரம்பும் மிச்சம் வாயும் சேர்ந்த உடம்பு.

"மாமா, எட இறங்கணும்னா ஓட்டம்தான். எங்க பசங்க போட்டிக்கு முன்னால இன்னா பண்றானுங்க? ஓடிகினே கீறானுங்க. ஓட்டம், கயிறு, ஓட்டம், கயிறு. நாளிக்கு அஞ்சு மணிக்கு வூட்டாண்ட வந்து நிக்கிறேன்."

"அஞ்சு மணிக்கா?"

"அஞ்சரைக்கு வெய்யிலு, ஆறுக்கு லாரி. அப்பால நீ ஓட முடியாது, லாரிதான் உன் மேல ஓடும்."

வந்து நின்றான். சைக்கிளில் வியாசர்பாடியிலிருந்து காலடிப்பேட்டையில் என் வீடு வரை மிதித்து வந்து, வியர்வையைக்கூடத் துடைக்காமல், மாமா வா என்றான். கடற்கரைச் சாலைக்கு இழுத்துப் போனான்.

முதல் நாள் இரண்டு மின்கம்பம் ஓடினேன். மூன்றாவது கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு பக்கம் கருங்கல் தடுப்பில் கடல் அறைந்துகொண்டிருந்தது, மறுபக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் உறங்கிக்கொண்டிருந்தன, நடுவில் நான் வாயைப் பிளந்துகொண்டு. கூடையோடு போன மீன்காரம்மா ஒருத்தி நின்று பார்த்தார்.

"யாரு நைனா தொர்த்துறாங்க? பின்னால ஒருத்தரியும் காணமே."

"டாக்டர் தொர்த்துறாரு ஆயா" என்றான் மச்சான்.

"அப்ப ஓடு, நிக்காத. ஆசுபத்திரிக்காரன் கையில மாட்டுனா உடமாட்டான்."

இரண்டாம் வாரம் பத்துக் கம்பம். மூன்றாம் வாரம் கம்பங்களை எண்ணுவதை விட்டேன். அது எப்படி நடந்தது என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் காலை மூச்சு தானாகவே ஒரு தாளத்தில் விழுந்தது, கால் அதன் பின்னால் போனது, உப்புக் காற்று உள்ளே போய் வெளியே வந்தது, அம்மோனியா வாடையும் கருவாட்டு வாடையும் டீசல் புகையும் ஒன்றோடொன்று கைகோத்து வந்தன, சூரியன் ஒரு கப்பலின் முதுகுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து என் பக்கத்திலேயே ஓடியது, நான் ஓடிக்கொண்டே இருந்தேன், எனக்குள் வாக்கியங்கள் முற்றுப்புள்ளி இல்லாமல் நீண்டுகொண்டே போயின, நிறுத்த மனமில்லை, மச்சான்தான் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினான்.

"போதும் மாமா, இதுக்கு மேல போனா ஆந்திரா."

கிரேனை விட்டுத் தரைக்கு வந்த பிறகு எனக்குள் முதல் முறையாக வாக்கியம் வந்தது அன்றுதான். வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன். "நல்லது. இந்தா" என்று ஒரு கிண்ணத்தை நீட்டினாள். கேழ்வரகுக் கூழ். அந்த மாதம் முழுக்க வீட்டில் சோற்றுப் பானை எப்படியோ சிறியதாகிக்கொண்டிருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இந்தக் கதையில் கொஞ்சம் குழப்பம் குறைந்திருக்கும்.

எடை பார்க்கும் விஷயத்தில்தான் பிழை நுழைந்தது.

டாக்டரின் தராசை நான் மதிக்கவில்லை. ஒரு முழம் அகலத்தில், துருப்பிடித்த கால்களோடு, ஏறினால் முள் பயந்து நடுங்குகிற ஒரு பொருள். எங்கள் யார்டு வாசலில் இருந்ததுதான் தராசு. லாரி முழுசாக ஏறி நிற்கும் எடைமேடை. பாரத்தோடு ஒரு தடவை, காலியாக ஒரு தடவை ஏற்றி, இரண்டையும் கழித்து, சீட்டு கிழித்துக் கொடுப்பார்கள். அந்தச் சீட்டு வந்துவிட்டால் வாங்குகிறவரும் விற்கிறவரும் வாயைத் திறக்கமாட்டார்கள். சாத்தாங்காட்டில் சத்தியம் என்றால் அதுதான். பன்னிரண்டு வருடம் அதற்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தவன் நான்.

ஓட ஆரம்பிப்பதற்கு முந்தின நாளே அதில் ஏறினேன். லாரிகள் வராத மதிய நேரம். எடைமேடை அறையில் சீட்டு போடும் அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். நாற்பது வயதைத் தாண்டியவர், மூக்கின் நுனியில் கண்ணாடி, எதற்கும் அசராதவர்.

"இன்னாப்பா, வண்டி எங்க?"

"நான்தான் வண்டி. எட போடுங்கம்மா."

"லோடா, காலியா?"

"சாப்ட்டு வந்தேன். லோடுதான்."

அவர் பொத்தானை அழுத்தினார். சிவப்பு எழுத்தில் தொண்ணூறு என்று வந்தது. சீட்டில் வண்டி எண் இருக்க வேண்டிய இடத்தில் 'ஆள் ஒன்று' என்று அடித்துக் கொடுத்தார். நான் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, டாக்டரின் தராசு நான்கு கிலோ கூட்டிக் காட்டுகிறது என்ற முடிவுக்கு வந்தேன். பத்து இறக்க வேண்டிய இடத்தில் ஆறு இறக்கினால் போதும். என்ன ஒரு நிம்மதி.

ஆறு வாரம் ஓடினேன். பேன்ட் தளர்ந்தது. பெல்ட்டில் ஆணி வைத்துப் புது ஓட்டை போட்டேன். கன்னத்தில் எலும்பு இருப்பதை மனைவி கண்டுபிடித்தாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எடைமேடையில் போய் ஏறினேன்.

தொண்ணூறு.

இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினேன். தொண்ணூறு. பெல்ட்டையும் சாவிக்கொத்தையும் ஜன்னலில் வைத்துவிட்டு ஏறினேன். தொண்ணூறு. அந்த அம்மா, வேட்டி கட்டிகினு வந்தா குறையுமோ என்னவோ என்றார்.

அவ்வளவுதான். பேன்ட் சொன்னதை நான் நம்பவில்லை, பெல்ட் சொன்னதை நம்பவில்லை, சீட்டு சொன்னதை நம்பினேன். மறுநாள் ஐந்து மணிக்கு வந்து நின்ற மச்சானிடம் சீட்டை நீட்டினேன். அவன் தெருவிளக்கு வெளிச்சத்தில் அதைப் படித்தான்.

"இன்னா மாமா இது, மூஞ்சி பாதியா பூடிச்சு. எட அப்பிடியே கீதுன்ற?"

"அதத்தான் நானும் கேக்கறேன். ஆறு வாரம் நாய் மாதிரி ஓடினேனே, எங்க போச்சு அதெல்லாம்? உன் குத்துச்சண்ட வித்தையெல்லாம் ரிங்குக்குள்ள வச்சுக்க. என்ன ஏன்டா தெருவுல விட்ட?"

அவன் சீட்டை மடித்து என் சட்டைப்பையில் செருகினான். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான். வாசலில் நின்ற மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். அன்று கூழில் உப்பு இல்லை.

அன்று மாலையே இரும்புக் கட்சியில் சேர்ந்தேன்.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே ஒரு ஜிம் இருந்தது. தூக்குகிற கம்பி லாரியின் அச்சு. எடைத் தட்டுகள் எங்கள் சந்தையிலேயே, உடைத்த கப்பலின் தகட்டை வட்டமாக வெட்டி எடுத்தவை. ஒவ்வொன்றிலும் வெள்ளை பெயின்ட்டில் எடை எழுதியிருக்கும். ஒரு தட்டில் கப்பலின் பச்சை நிறம் இன்னும் ஒட்டியிருந்தது. எந்தெந்தக் கடலையோ கடந்த இரும்பை நான் காலடிப்பேட்டையில் படுத்துக்கொண்டு தூக்கினேன் என்பதை நினைத்தால் இப்போதும் மயிர் கூச்செறிகிறது. மாஸ்டர் துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்தவர். மேலே மலை, கீழே இரண்டு குச்சி.

"ஓடுனியாமே? ஓட்றவன் இன்னாத்துக்கு ஓட்றான் தெரியுமா? பயந்துகினு ஓட்றான். இரும்பத் தூக்குறவன் நின்ன எடத்துல நிப்பான். குந்து. மூச்ச இழு. புடி. இப்ப தூக்கு."

தூக்கினேன்.

அது வேறு உலகம். ஓட்டத்தில் மூச்சு போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும். இங்கே மூச்சு நிற்கும். உடம்பு ஒரு புள்ளியில் குவியும். தொடை நடுங்கும். கண்ணில் பொறி பறக்கும். தூக்கு. நிறுத்து. இறக்கு. எட்டு தடவை. ஒரு நிமிடம் ஓய்வு. மறுபடி எட்டு. பேச்சு இல்லை. நினைப்பு இல்லை. வந்த வாக்கியங்கள் எல்லாம் இரண்டு சொல்லில் முடிந்தன. மறுநாள் காலையில் கக்கூஸில் குந்த முடியவில்லை. அந்த வலி எனக்குப் பிடித்திருந்தது. கை, தோள், முதுகு என்று எனக்குள் குடியிருந்தவர்கள் எல்லாம் ஒவ்வொருவராகக் கதவைத் திறந்து நானும் இங்கேதான் இருக்கிறேன் என்று சொன்ன மாதிரி இருந்தது.

பசி மட்டும் பேய்ப் பசி. ஓடியபோது வயிறு சும்மா இருந்தது. தூக்கியபோது இரண்டு மடங்கு கேட்டது. மனைவி சுண்டல் அவித்தாள், முட்டை அவித்தாள், சோற்றுப் பானையை மட்டும் திறக்கவிடவில்லை.

மூன்று வாரம் கழித்து எடைமேடையில் ஏறினேன். எண்பது.

நான் சொல்வதை நீங்கள் நம்ப வேண்டும், எனக்குக் கால் தரையில் இல்லை. ஆறு வாரம் ஓட்டத்தில் ஒரு கிலோவும் இறங்கவில்லை, மூன்று வாரம் இரும்பில் பத்துக் கிலோ. அத்தாட்சி கையில், அச்சடித்த சீட்டு, ஆள் ஒன்று, எண்பது. சீட்டை எடுத்துக்கொண்டு ஜிம்முக்குப் போனேன். மாஸ்டர் அதை வாங்கி, சோற்றுப் பசை தடவி, கண்ணாடி பக்கத்தில் ஒட்டினார்.

"வர்றவன் போறவன் எல்லாம் பாக்கட்டும். ஓட்டக் கட்சிக்கு டெபாசிட் காலி."

யார்டில், டீக்கடையில், சவரக் கடையில் எல்லாம் பிரசங்கம் செய்தேன். ஓடாதீர்கள், ஓடினால் முட்டிதான் தேயும், இரும்பைத் தூக்குங்கள். என் பேச்சைக் கேட்டு நடைப்பயிற்சியை விட்டவர்கள் இரண்டு பேர். அவர்கள் இப்போது இதைப் படிப்பதாக இருந்தால் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

எண்பத்து நான்கு கேட்ட இடத்தில் எண்பது வைத்திருந்தேன். நான்கு கிலோ கைவசம் உபரி. விடுவேனா? அந்த வாரம் பரோட்டா சாப்பிட்டேன், சால்னாவோடு. மாட்டுக் கறி வறுவல் சாப்பிட்டேன். ராயபுரத்தில் ஒரு கல்யாண வீட்டில் பிரியாணி, இலையில் இரண்டாம் முறையும் வைக்கச் சொல்லி. மனைவி, டாக்டராண்ட போற வரிக்கும் வாயக் கட்டு என்றாள். எண்பது, எண்பது என்று விரலைக் காட்டினேன்.

ஒரு வாரம் கழித்து, ஒரு மகிழ்ச்சிக்காக மட்டும், மறுபடி எடைமேடையில் ஏறினேன்.

தொண்ணூறு.

"அம்மா, மெஷின் கெட்டுப்போச்சு."

"காலையிலேந்து இருபத்தாறு லாரி ஏறிருச்சு. ஒருத்தனும் சொல்லல. உனக்கு மட்டும் கெட்டுப்போச்சா?"

"ஒரு வாரத்துல பத்துக் கிலோ எப்பிடிம்மா ஏறும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். என்னையே பார்த்தார். அப்புறம் மெதுவாக, காய்ச்சல் வந்த குழந்தையிடம் கேட்பது போலக் கேட்டார்.

"இத்தினி வருசமா சீட்டு பாக்குறியே, கடசி எழுத்து இன்னா கீது?"

"பூஜ்யம்."

"எல்லாச் சீட்டுலயும்?"

"எல்லாச் சீட்டுலயும்."

"ஏன்?"

நான் பதில் சொல்வதற்கு முன்னால் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேசையில் கவிழ்ந்துவிட்டார். "யோவ் கிரேன்காரரே, இது பத்துப் பத்தாத்தான் எண்ணும். எண்பத்தஞ்சு தாண்டுனா தொண்ணூறு, எறங்குனா எண்பது. இருபது டன்னு சுருளுக்கு அஞ்சு கிலோ யாரு பாக்குறா? நீ சும்மா தமாஷுக்கு ஏறுறன்னு நெனச்சிகினு இருந்தேன்."

பன்னிரண்டு வருடம். ஆயிரக்கணக்கான சீட்டுகள். ஒன்றிலாவது கடைசியில் ஒரு மூன்றோ ஏழோ இருந்திருந்தால் எனக்கு உறைத்திருக்கும். பூஜ்யங்களுக்குள்ளேயே வாழ்ந்ததால் உலகமே பூஜ்யத்தில் முடியும் என்று நினைத்துவிட்டேன்.

வேலை முடிந்ததும் திருவொற்றியூர் ரயில் நிலையத்துக்கு ஓடினேன். நடைமேடையில், வண்ண விளக்குகள் சுற்றுகிற, காசு போட்டால் அட்டை துப்புகிற எடை இயந்திரம். துப்பியது. எண்பத்தேழு. பின்பக்கத்தில், 'உங்கள் நண்பர்களிடம் நீங்கள் காட்டும் விசுவாசம் போற்றத்தக்கது' என்று அச்சடித்திருந்தது. அந்த நடைமேடையில் என்னைத் தவிர யாருக்கும் அது அவ்வளவு உறுத்தியிருக்காது.

பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தொண்ணூற்று நான்கில் ஆரம்பித்தவன் பரோட்டா வாரத்துக்கு முன்னால் எண்பத்தைந்துக்குக் கீழே போயிருக்கிறேன். ஒன்பது, பத்துக் கிலோ. அதில் ஓட்டம் தின்றது எவ்வளவு, இரும்பு தின்றது எவ்வளவு? ஓட்டமே எட்டுக் கிலோவை இறக்கி என்னை எண்பத்தாறில் நிறுத்தியிருக்கலாம், எடைமேடை அப்போதும் தொண்ணூறு என்று சொல்லியிருக்கும். அதற்குப் பிறகு இரும்பு ஒன்றரைக் கிலோ இறக்கியிருந்தாலும் எண்பது. கல்யாணத்தில் தாலி கட்டியவன் ஒருவன், மாலையோடு போட்டோவில் நின்றவன் இன்னொருவன். எனக்கு நிச்சயமாகத் தெரியவே போவதில்லை. டாக்டரிடம் போக இன்னும் இரண்டு வாரம் இருந்தது. மூன்று கிலோ இறங்க வேண்டும்.

மறுநாள் வியாசர்பாடிக்குப் போனேன். குடியிருப்புகளுக்கு நடுவிலிருந்த மைதானத்தில் ஒரு பக்கம் கால்பந்து, ஒரு பக்கம் மச்சான் கயிறு தாண்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. கயிறு காற்றைக் கிழிக்கும் சத்தத்துக்கு நடுவில் எல்லாவற்றையும் சொன்னேன். எடைமேடை என்ற சொல் வந்ததும் கயிறு அவன் காலில் சிக்கியது.

"லாரி தராசா? நீ லாரி தராசுலயா மாமா ஏறுன?"

"ஆமா."

"அத வச்சிகினா என்ன அந்தப் பேச்சு பேசுன?"

"ஆமாடா."

அவன் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக் கையைத் தட்டினான். "டேய், இங்க வாங்கடா, எங்க மாமா இன்னா பண்ணிகீறார் பாரு." ஆட்டம் நின்றது. பதினைந்து பேருக்கு முன்னால் மறுபடி ஒரு முறை முழுசாகச் சொல்ல வேண்டியிருந்தது. நடுவில் விட்டுப்போன இடங்களை அவன் எடுத்துக் கொடுத்தான். சொல்லி முடித்ததும் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டான்.

"நாளிக்கு அஞ்சு மணி."

அந்த இரண்டு வாரமும் காலையில் கடற்கரை, மாலையில் இரும்பு. மச்சான் கயிறு தாண்டவும் கற்றுக் கொடுத்தான். மாஸ்டரிடம் உண்மையைச் சொன்னபோது, சீட்டக் கிழிக்கமாட்டேன், எண்பதுன்னு அடிச்சிகீது, அடிச்சது அடிச்சதுதான் என்றார். ஆனாலும் தட்டுகளைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டினார். காலையில் நீண்ட வாக்கியங்கள், மாலையில் குட்டை வாக்கியங்கள், இரவு படுத்ததும் கல். உடம்பு ஒரு பட்டறை மாதிரி இருந்தது. எங்கே தொட்டாலும் சூடு, எங்கே தொட்டாலும் வேலை நடந்துகொண்டிருந்தது. எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. பதினாறு வயதிலும் அப்படி இருந்ததாக நினைவில்லை.

டாக்டரிடம் போவதற்கு முந்தின நாள் ரயில் நிலைய அட்டை எண்பத்தைந்து என்றது. ஒரு கிலோ கூடுதல்.

"கவலயே படாத மாமா" என்றான் மச்சான், எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து. "எங்க பசங்க பண்றதுதான். ஒடம்பு முழுக்க பிளாஸ்டிக் சுத்தி மேல ரெயின்கோட்டு. ஒரு மணி நேரம் ஓட்டம். நாளிக்கு காலையில வரிக்கும் தண்ணி கெடயாது, எச்சிலக்கூடத் துப்பிடணும். ரெண்டு கிலோ கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள பூடும். தராசவுட்டு எறங்குனதும் தண்ணி குடி, திரும்ப ஏறிடும். யாருக்குத் தெரியப்போது?"

ஆசை வந்தது. மறைக்கவில்லை. ரெயின்கோட்டைத் தேடி எழுந்தேவிட்டேன். மனைவி சமையலறை வாசலில் நின்றாள்.

"இந்தாயா, எனக்கு ஒண்ணு சொல்லு. நாளிக்கு நீ சீட்டு வாங்கினு மேல ஏறுற. உன் ஒடம்புல நெசமா பிரஷர் எறங்கிச்சா இல்லியா, உனக்குத் தெரியுமா?"

"எறங்கியிருக்கும்."

"லாரி தராசு மாதிரியா?"

மச்சான் தரையைப் பார்த்தான்.

"ரெண்டு பேரும் மூணு மாசமா ஓட்டம் ஓட்டம்னு ஒருத்தன், இரும்பு இரும்புன்னு ஒருத்தன். சட்டியில நான் போட்டத பத்தி ஒருத்தன் வாயத் தொறந்தீங்களா? எண்ணெய யாரு கொறச்சா? சோத்த யாரு கொறச்சா? நீ பரோட்டா துன்ன வாரம் ஏறிச்சில்ல, அப்பகூட மண்டையில ஏறலியா?"

ஒரு சொம்பு தண்ணீரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். கூண்டிலிருந்து பார்க்கிற மாதிரி, கீழே ஆறேழு தலைகள் எனக்குத் தெரிந்தன. ஒருவருக்கு உச்சியில் வட்டமாக வழுக்கை, ஒருவர் எப்போதும் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டியிருப்பார். மூன்று மாதமாக அவர்களுக்கு நடுவில்தான் நின்றிருந்தேன். மேலே கொக்கி நகரும்போதெல்லாம் நானும் அவர்களோடு சேர்ந்து அண்ணாந்திருக்கிறேன். சொம்பை எடுத்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

டாக்டரின் அறையில் அதே துருப்பிடித்த தராசு. இந்த முறை மரியாதையோடு ஏறினேன். முள் நடுங்கி எண்பத்தைந்தில் நின்றது.

"எண்பத்தி நாலு சொன்னேனே."

"தெரியும் சார்."

அவர் என் கையில் பட்டையைச் சுற்றினார். காற்றடித்தார். காது வைத்துக் கேட்டார். மறுபடி அடித்தார். அந்தப் பட்டை இறுகித் தளர்கிற நேரத்தில் மனதுக்குள் நான் எத்தனை கப்பல்களைப் பார்த்தேனோ. பிறகு வெளியே இருந்த மாடிப்படியில் மூன்று தடவை ஏறி இறங்கச் சொன்னார். ஏறி இறங்கினேன். நாடியைப் பிடித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஒரு நிமிடம் கழித்து மறுபடி பிடித்தார்.

"என்ன பண்ணீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன், எடைமேடையையும் சேர்த்து. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். முதல் முறையாக அவர் பல்லைப் பார்த்தேன். பிறகு ஒரு காகிதத்தில் இரண்டு சொல் எழுதினார், ஏரோபிக், அனேரோபிக்.

"உங்க மச்சான் சொல்றது முதல் வகை. மூச்ச விட்டு விட்டு ரொம்ப நேரம் செய்யுற வேல. செய்யுற நேரத்துல கொழுப்ப நல்லா எரிக்கும், இதயத்துக்கு நல்லது. உங்க பிரஷர் எறங்கினதுல அதுக்குப் பெரிய பங்கு. மாஸ்டர் சொல்றது ரெண்டாவது. கொஞ்ச நேரம், முழு பலம். தராசுல மெதுவாத்தான் தெரியும். ஆனா எட எறங்கும்போது சதையும் சேந்து கரைஞ்சு போகாம அது புடிச்சு வைக்கும். மூச்ச மட்டும் தம் கட்டி அடக்காதீங்க, பிரஷர்காரங்களுக்கு அது ஆகாது. தூக்கும்போது வெளிய விடுங்க. ரெண்டும் வேணும்."

"எது ஜெயிச்சுது சார்? வெளிய மச்சான் கேட்டுகினு நிக்கிறான்."

"உங்க வீட்டம்மா."

காகிதத்தை இழுத்து எழுதினார். அழுத்தம் சரியாக இருக்கிறது, கிரேன் ஓட்டலாம், ஆறு மாதத்தில் மறுபடி வர வேண்டும், இன்னும் ஒரு கிலோ இறங்கியிருக்க வேண்டும்.

வெளியே வந்து காகிதத்தைக் காட்டினேன். மச்சான் படித்துவிட்டு, "இதயத்துக்கு நல்லதுன்னு சொன்னார்ல, அப்ப ஓட்டம்தான்" என்றான். பேருந்து நிறுத்தம் வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தான். அக்காவைப் பற்றி டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அத அக்காவாண்ட சொல்லாத, அப்பால நம்ப ரெண்டு பேரும் அவ்ளோதான் என்றான். அன்று மாலையே சொன்னேன். அவள் கூழைக் கலக்கிக்கொண்டே இருந்தாள், ஆனால் காது இரண்டும் சிவந்தன.

மறுநாள் காலை ஏணியின் அடியில் நின்றேன். மூன்று மாதம் என் கூண்டில் இருந்தவர் இறங்கி வந்து கைகொடுத்தார். ஏறினேன். நடுவில் ஒரு தடவை நின்றேன். மூச்சுக்காக நிற்கவில்லை. பாதி உயரத்திலேயே தகரக் கூரைகளுக்கு மேலே ஒரு விரல் அகலத்துக்குக் கடல் தெரிந்தது. அதைப் பார்க்க நின்றேன். கூண்டுக்குள் உட்கார்ந்ததும் இருக்கையைக் கொஞ்சம் முன்னால் இழுக்க வேண்டியிருந்தது, வயிறு இருந்த இடம் காலியாக இருந்தது. கீழே சங்கிலி மாட்டியவர் கையை உயர்த்தினார். மணி அடித்தேன். தலைகள் எல்லாம் விலகின. பிடியை மெல்ல இழுத்தேன், சுருள் தரையை விட்டு எழுந்தது, ஆடாமல், என்னோடு சேர்ந்து மூச்சு விட்டுக்கொண்டு.